மச்சான் தலையாட்டிவிட்டார்

என் அக்கா வேலிகாவின் கணவர் மிஞ்சோவுக்கு முதன்முதலில் தலைவலி வந்தது அவர்களுக்குக் கல்யாணமான வருடம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அக்கா சொல்வாள். மச்சான் ஒன்றும் சொல்லமாட்டார். பேசினால் வலி கூடும் என்பது அவர் கண்டறிந்த உண்மை.

வலி பின்கழுத்தில் தொடங்கும். காதுக்குப் பின்னால் ஏறி, வலது கண்ணுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் லேசாக இருக்கும், மதியம் பலமாகிவிடும். சாயங்காலம் மாத்திரைக்கு அடங்கியதுபோல் பாவனை செய்துவிட்டு மறுநாள் காலையில் வேலைக்கு வந்துவிடும். மச்சானும் அப்படித்தான். லீவு போட்டதில்லை.

எங்கள் ஊரான செவ்லியெவோவில் வருடத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. காட்டாமல் யாரும் வண்டி ஓட்ட முடியாது. அந்தச் சோதனை நிலையத்தில் குழிக்குள் நிற்பவர் மச்சான்தான். தரையில் நீளமாக வெட்டிய குழி. அதன்மேல் காரை நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிடுவார்கள். மச்சான் கையில் விளக்கோடு கீழே நின்று காரின் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். வானத்தைப் பார்த்ததைவிட அவர் சைலன்சரைப் பார்த்ததுதான் அதிகம்.

எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. எல்லாம் தலையால்தான். இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினால் ஆமாம், வண்டி பாஸ். மோவாயை வெடுக்கென்று மேலே தூக்கி நாக்கால் ஒரு ‘ட்ச்’ கொட்டினால் இல்லை, ஃபெயில். எங்கள் பக்கம் கைக்குழந்தைகூட இப்படித்தான் கஞ்சி வேண்டாம் என்று சொல்லும். மச்சானிடம் ஊர் அதிகம் பார்த்தது மோவாயைத்தான். என் காரையே மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். மூன்றாவது தடவை, “மச்சான், நான் உங்க மச்சினன்” என்று குழிக்குள் குனிந்து கத்தினேன். அதற்கும் ‘ட்ச்’.

வீடு இரண்டு மாடி. மேல் மாடி முழுவதும் வலிக்குச் சொந்தம். ஜன்னல்களில் தடித்த கம்பளி தொங்கும். வேலை முடிந்து வந்ததும் மச்சான் நேராக மேலே போய் இருட்டில் படுத்துவிடுவார். கீழே அக்காவும் மகள் நெவெனாவும் கிசுகிசுவென்று பேசிக்கொள்வார்கள். நெவெனாவின் பள்ளித் தோழி ஒருத்தி முதல் தடவை வந்தபோது, வீட்டில் யாரோ இறந்திருக்கிறார்கள் என்று நினைத்து அக்காவுக்குக் கைகொடுத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். எதிர்வீட்டில் நான் ஒரு சேவல் வளர்த்தேன். ஒருநாள் அக்கா வந்து அதை விலைக்குக் கேட்டாள். எதற்கு என்று கேட்பதற்குள் சூப் வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள்.

ஊர் வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி உப்புப் போட்டு நெற்றியில் வைத்துத் துணியால் கட்டினார்கள். முட்டைக்கோஸ் இலையைக் கட்டினார்கள். “காத்து குறுக்கால அடிச்சிருக்கும்” என்று சொல்லி ஆடி மாத வெயிலில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். ராக்கியா சாராயத்தில் நனைத்த துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போன அன்று, ஃபெயிலான ஒருவர், குடித்துவிட்டுச் சோதனை செய்கிறார் என்று மேலாளரிடம் புகார் கொடுத்தார். ஈயத்தை உருக்கித் தலைக்குமேல் பிடித்த தண்ணீரில் ஊற்றி, அது உறைந்த உருவத்தைப் பார்த்த கிழவி, சின்ன வயதில் நாயைப் பார்த்துப் பயந்தது என்றாள். “நாய் இல்ல, எங்கப்பா” என்றார் மச்சான். ஈயத்தில் அப்பா வராது என்று கிழவி சொல்லிவிட்டாள்.

எதற்கும் மசியாததால் மாத்திரைதான். நடந்தால் அவர் சட்டைப்பை கிலுகிலுவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்தே அக்கா, மச்சான் வீட்டில் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள்.

போன வசந்தத்தில் வயிறும் கெட்டுப்போனது. அக்கா அவரை டாக்டர் மாரெவாவிடம் இழுத்துப் போனாள். வண்டி ஓட்டியது நான் என்பதால் உள்ளேயும் உட்கார்ந்தேன். ஸ்கேன் எல்லாம் எடுத்து முடிந்திருந்தது.

“தலைக்குள்ள ஒண்ணும் இல்ல” என்றார் டாக்டர்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போடுறீங்க?”

மச்சான் கொஞ்சம் யோசித்தார். “வலிக்கிற அளவுக்கு.”

“எத்தனை நாள் வலிக்குது?”

“எல்லா நாளும்.”

“மிஞ்சோ, கேளுங்க. கழுத்துல ஆரம்பிச்ச வலிதான், நான் இல்லேங்கல. ஆனா இப்ப உங்களுக்குத் தலைவலியைக் கொடுக்கிறதே இந்த மாத்திரைதான்.”

“போட்டா வலி போகுதே டாக்டர்.”

“போகுது. போயிட்டு, அடுத்த மாத்திரையக் கேட்டுத் திரும்பி வருது. இந்த மாத்திரைய மொத்தமா நிறுத்தணும். முதல் ஒண்ணு ரெண்டு வாரம் மோசமா இருக்கும். ரொம்ப முடியலன்னா எனக்குப் போன் பண்ணுங்க, பக்கத்து வீட்டுக்காரங்களைக் கேக்காதீங்க.”

மச்சான் சட்டைப்பையில் இருந்ததை எல்லாம் எடுத்து மேசைமேல் வைத்தார். பேன்ட் பையில் இருந்ததையும் வைத்தார். அக்கா தன் கைப்பையைத் திறந்து, அவருக்காக வைத்திருந்ததையும் எடுத்து வைத்தாள்.  டாக்டர் குப்பைக் கூடையைக் காலால் நகர்த்திக்கொடுத்தார்.

அந்த முதல் வாரத்தைப் பற்றி மச்சான் பேசுவதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக லீவு போட்டார். மேல் மாடியில் வாளியோடு படுத்திருந்தார். அக்கா ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தாள். நான் பார்க்கப் போனபோது இருட்டில் அவர் குரல் மட்டும் வந்தது. “டேய் கோலியோ, அந்த டாக்டரம்மா எந்த வண்டி வச்சிருக்கா?”

“எதுக்கு மச்சான்?”

“எஃப்.சி.க்கு வருவால்ல.”

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் காலை அவர் கீழே இறங்கி வந்து சமையலறையில் உட்கார்ந்தார். வலி இருந்தது, ஆனால் கண்ணுக்கு மேலே இல்லை, கழுத்தோடு நின்றிருந்தது. “பாதி வழியில நிக்குது” என்றார். டாக்டர் அடுத்து அவரைத் தெனிட்சாவிடம் அனுப்பினார்.

தெனிட்சா பிசியோதெரபி பெண். என் கைப்பிடிக்குள் அடங்கிவிடுவாள் போல ஒல்லியாக இருப்பாள். மச்சானைக் குப்புறப் படுக்கவைத்து, பின்கழுத்தில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள். பிரேக் பிடித்ததுபோல் ஒரு சத்தம் மச்சானிடமிருந்து வந்தது.

“அய்யா, இது கழுத்தா, கட்டையா?”

“அதை நீங்கதான் சொல்லணும்.”

“நாள் பூரா அண்ணாந்து பாக்குறீங்க. போதாததுக்கு, இல்லன்னு சொல்றப்ப எல்லாம் இப்படித் தலைய வெடுக்குன்னு தூக்குறீங்க. இங்க வந்ததுல இருந்து ஆறு தடவை தூக்கிட்டீங்க.”

“நீங்க ஆறு தடவை தப்பாக் கேட்டீங்க.”

தெனிட்சா சிரிக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சக்கரம் வைத்த சாய்வு நாற்காலி ஒன்றைக் குழிக்குள் போட்டு, சாய்ந்து பார்க்க வேண்டும். காபி காலையில் ஒன்று மட்டும். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். வேலை முடிந்ததும் படுக்கப் போகாமல் ஆற்றங்கரை வழியாக ஒரு நடை. வாயை மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ளக் கூடாது. மணிக்கு ஒரு தடவை, எங்கே இருந்தாலும், நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடி, தலையை மெல்ல இடப்பக்கம் முழுசாகத் திருப்ப வேண்டும், பிறகு வலப்பக்கம். அப்படியே பத்துப் பன்னிரண்டு தடவை.

“மோவாயத் தூக்குறத விட்டுருங்க. இல்லன்னா வாயால இல்லன்னு சொல்லுங்க.”

“அது மரியாதைக் குறைவா இருக்குமே.”

“இருக்கட்டும்.”

மச்சான் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். நெவெனா அவர் போனில் மணிக்கு ஒரு தடவை குயில் கூவும்படி வைத்துக்கொடுத்தாள். குயில் கூவினால் அவர் எங்கே இருந்தாலும் பயிற்சி நடக்கும். ரொட்டிக்கடை வரிசையில் நடந்தது. தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது நடந்தது. தன் பேச்சை ஒருவர் இவ்வளவு ஆழமாக ஒப்புக்கொண்டதை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை, முடிந்ததும் வந்து மச்சானின் கையைக் குலுக்கினார்.

நிலையத்தில்தான் சிக்கல் வந்தது. ஆட்டுப்பால் சீஸ் விற்கும் தோன்கோ தன் வேனைக் கொண்டுவந்திருந்தார். மச்சான் குழிக்குள் போய்ப் பின்சக்கரப் பக்கம் பிரேக் குழாயைத் தடவிப் பார்த்தார். குழாய் நைந்திருந்தது. அப்போது குயில் கூவியது. மச்சான் விளக்கைக் கீழே வைத்தார், கண்ணை மூடினார், தலையை இடமும் வலமுமாகத் திருப்பத் தொடங்கினார்.

குழி ஓரத்தில் நின்ற தோன்கோ இதைப் பார்த்தார். அவருடைய வேன் ஒரே தடவையில் பாஸானதாகச் சரித்திரமே இல்லை. இந்த மனிதர் மனம் மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று, முன்கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரைக்கூட வாங்காமல் வேனில் ஏறிப் போய்விட்டார். மச்சான் பயிற்சி முடித்துக் கண்ணைத் திறந்தபோது தலைக்குமேல் வேன் இல்லை.

மச்சான் ஓடியதை ஊர் அன்றுதான் பார்த்தது. தோன்கோ ரொட்டிக்கடை வாசலில் வேனை நிறுத்தி, நல்ல செய்திக்காக ஒரு பெரிய கேக் பார்சல் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எறங்குய்யா!”

“என்னண்ணே, நீங்கதானே தலையாட்டினீங்க? ஒரு தடவையா? பத்துத் தடவை ஆட்டினீங்க!”

“அது கழுத்துப் பயிற்சிய்யா. பிரேக் குழாய் நைஞ்சு கிடக்கு. மலையிறக்கத்துல போறவன் நீ.”

கடையில் இருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தோன்கோ முகம் சிவந்துபோனது. “எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா இந்தப் பயிற்சி?” என்று கேட்டார்.

“மணிக்கு ஒருக்கா. டான்னு.”

தோன்கோ கேக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேனைத் தள்ளிக்கொண்டு போனார். அன்றோடு ஊரில் எல்லோரும் மச்சானிடம் ஏதாவது கேட்டால், “இது பதிலா, பயிற்சியா?” என்று சேர்த்துக் கேட்கத் தொடங்கினார்கள். மச்சானுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வலி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்துகொண்டிருந்தது. அதுவும் மதியத்தில் வந்து, ஆற்றங்கரை நடையில் கரைந்தது. அவர் முகத்தில் இரண்டு கண்ணும் ஒரே அளவு என்பதை நாங்கள் அப்போதுதான் கவனித்தோம்.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் நெவெனா ஒருவனைக் காதலிப்பதாகச் சொன்னாள். பெயர் பிளாமென். தோன்கோவின் மகன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தோன்கோ வீட்டார் மூன்று பேரும் வந்தார்கள். தோன்கோவின் மனைவி சின்கா சீஸ் வைத்த பனிட்சா ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். தோன்கோ சட்டைக் காலர் பட்டனைப் போட்டிருந்தார், அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அக்கா வறுத்த மிளகாயும் பன்றி இறைச்சியும் வைத்தாள். பேச்சு பிளம் விளைச்சலைப் பற்றிப் போனது. பிரேக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிள்ளைகள் கல்யாணம் செய்துகொள்வதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எங்கே குடியிருப்பது என்பதுதான் கேள்வி. பிளாமென் வீட்டில் இடமில்லை, அங்கே பாதி வீடு சீஸுக்கு. வாடகைக்குப் போவதென்றால் அவர்கள் இரண்டு பேரும் வெளிநாடு போய்விடுவார்கள் என்று அக்கா பல நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். வாயைத் திறந்து கேட்கத்தான் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

தோன்கோ தன் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன். பசிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“சம்பந்தி, நான் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவன்” என்று தொடங்கினார். பிறகு வெகுநேரம் சுற்றி வளைத்துப் பேசினார். மழையைச் சொன்னார், தன் அப்பாவின் கல்யாணத்தைச் சொன்னார். நடுவில் இன்னொரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் வந்தார். “மேல் மாடி சும்மாதானே கிடக்கு. பிள்ளைங்களுக்குக் கொடுத்துருங்களேன். என்ன சொல்றீங்க?”

மேசையில் யாரும் மெல்லவில்லை. அந்த மாடியைப் பற்றி அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசியதே கிடையாது. மச்சான் வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அவருடைய மோவாய் அசையத் தொடங்கியிருந்தது.

குயில் கூவியது.

மச்சான் முள்கரண்டியை வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். தலையை இடப்பக்கம் முழுசாகத் திருப்பினார், பிறகு வலப்பக்கம்.

“பாத்தீங்களா! பெரிய மனசு!” என்று தோன்கோ எழுந்து நின்றார். சின்கா அழுதுவிட்டாள். பிளாமென் வந்து மச்சானின் கையைப் பிடித்து முத்தமிட்டான். நெவெனா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதனால் மூன்றாவது சுற்றில் பயிற்சி நின்றுபோனது. மச்சான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“என்னடா ஆச்சு?”

“மாடியக் கொடுத்துட்டீங்க மச்சான்.”

“நான் எப்படா கொடுத்தேன்?”

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பயிற்சி என்று அவளுக்குத் தெரியாதா? தினம் வீட்டில் பார்ப்பவள். ஆனால் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய் நல்ல கிளாஸ்களை எடுத்து வந்து வைத்தாள்.

மச்சான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன். தக்காளிச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

“உள்ள போயி இல்லன்னு சொல்லிருங்க மச்சான். வாயாலயே சொல்லுங்க.”

“சொல்லலாம்.” ஒரு காயைத் திருப்பிப் பார்த்தார். “நான் அந்த ரூமுக்குப் போயே ரொம்ப நாளாச்சு, தெரியுமா? நேத்து ஒரு வேலையாப் போனேன். தலையணையில தூசி.”

“அப்புறம் என்ன?”

“வலி திரும்பி வந்துச்சுன்னா? முன்ன மாதிரியே வந்துச்சுன்னா? அந்த ரூம் இல்லன்னா நான் எங்கடா போவேன்?”

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. மாத்திரையை விட்ட வாரத்தில்கூட டாக்டர் வண்டியை ஃபெயில் பண்ணத்தான் திட்டம் போட்டார். 

“எங்க வீட்டுக்கு வாங்க. பின்னாடி ரூம் இருட்டுதான். ஜன்னலே கிடையாது.”

“உன் பொண்டாட்டி சத்தமாப் பேசுவாளே.”

“ஆமா.”

 மச்சான் அந்தத் தக்காளியைப் பறித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நானும் போனேன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, “மாடியில ரெண்டு ஜன்னல் கண்ணாடி விரிஞ்சிருக்கு. குளிருக்கு முன்னாடி மாத்தணும்” என்றார். பிளாமென், தான் மாற்றுவதாகச் சொன்னான். “உனக்குக் கண்ணாடி வெட்டத் தெரியுமா?” என்று மச்சான் கேட்டார். அவன் தெரியாது என்றான். “அப்ப சும்மா இரு” என்றார்.

தோன்கோவுக்கு ராக்கியா ஊற்றும்போது மட்டும் ஒன்று கேட்டார். “மணி பாத்துத்தானேய்யா கேட்டே?”

தோன்கோ மோவாயை வெடுக்கென்று மேலே தூக்கி ‘ட்ச்’ என்றார்.

“அப்படித் தூக்காதே, கழுத்துக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டு மச்சான் கிளாஸை நிரப்பினார்.

கல்யாணம் பனிக்காலத்துக்கு முன்னால், ஆற்றோர உணவகத்தில் நடந்தது. எங்கள் ஊர்க் கல்யாண வாத்தியத்தின் சத்தம் பக்கத்து மாவட்டத்துக்குக் கேட்கும். மேடைக்குப் பக்கத்தில் மச்சானுக்கு இடம் போட்டிருந்தார்கள், பெண்ணின் அப்பா அல்லவா.

ஹோரோ ஆட்டம் தொடங்கி எல்லோரும் கைகோத்து வளையமாகப் போய்க்கொண்டிருந்தபோது அக்காவைத் தேடினேன். மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய கோட்டு, அதன்மேல் மச்சானுடைய கோட்டு. இத்தனை வருடத்தில் மச்சானின் வலியால் அவள் எந்த விசேஷத்திலும் முதலில் வரும் சூப்பைத் தாண்டி இருந்ததில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கல்யாணத்திலேயே படம் எடுக்கும்போது அவள் இல்லை. இன்றும் அவர் எழுந்து சாடை காட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

மச்சானுக்கு வலி தொடங்கியிருந்தது. கழுத்தில் கை போனதைப் பார்த்தேன். அவர் எழுந்தார். அக்காவும் கோட்டுகளோடு எழுந்தாள்.

“நீ உக்காரு” என்றார். “நான் ஒரு நடை போயிட்டு வந்துர்றேன்.”

“நானும் வர்றேன்.”

“எதுக்கு? எனக்கு நடக்கத் தெரியாதா?”

வெளியே போய்க் குழாயடியில் பின்கழுத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார். உணவகத்தைச் சுற்றி மெல்ல நடந்தார். பயிற்சியைச் செய்தார். நான் வாசலில் சிகரெட் பிடிப்பதுபோல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போயிருச்சா மச்சான்?”

“இல்ல. இருக்கு.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “சின்னதுதான். உள்ள போலாம்.”

உள்ளே போனபோது மேசையில் கோட்டுகள் மட்டும் இருந்தன. அக்கா வளையத்தில் இருந்தாள். சின்காவுக்கும் தோன்கோவுக்கும் நடுவில், அடி மாற்றி அடி மாற்றி, எல்லோரையும்விட ஒரு எட்டு பின்தங்கி ஆடிக்கொண்டிருந்தாள். தோன்கோ கத்திக் கத்திக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் அவரைப் பார்க்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் வாத்தியக்காரர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அவளைப் பார்த்தார்.

ஆட்டம் முடிந்து அவள் வந்தபோது முகம் சிவந்து, ஒரு பக்கத்துத் தலைமுடி அவிழ்ந்திருந்தது.

“வீட்டுக்குப் போலாமா?” என்றாள்.

“கேக் இன்னும் வெட்டலையே.”

“கேக் எப்ப வெட்டுவாங்க?”

மச்சான் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியாது. நான் கடைசியில்தான் வெட்டுவார்கள் என்று சொன்னேன். அக்கா உட்கார்ந்தாள். கேக் வந்தபோது அதில் எலுமிச்சை அதிகமாகிப் புளித்தது. பக்கத்து மேசைக்காரர்கள் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார்கள். மச்சானும் அக்காவும் ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டார்கள்.